வானத்துக்கு யாரும் சாயம் ஏற்றவில்லை

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் புதிய படம் ஒன்று வெளிவந்தால் போதும், கூடவே ஒரு பேச்சும் கிளம்பிவிடுகிறது: "இதெல்லாம் கலர் அடிச்சது." டீக்கடையில் சொல்கிறார்கள், கல்லூரி வராந்தாவில் சொல்கிறார்கள், அறிவியல் பாடம் எடுப்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடாதவர்கள். அதனால்தான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தேகப்படுவது நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கம் இந்த விஷயத்தில் வழிதவறிப் போய் நிற்கிறது.

அவர்கள் வாதத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. விண்வெளித் தொலைநோக்கியின் உணர்கருவி கறுப்பு வெள்ளையில்தான் பதிவு செய்கிறது. எந்தப் பதிவுக்கு எந்த நிறம் என்பதைப் பூமியில் இருக்கும் மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். நாமே அங்கே போய் நின்றாலும் அந்தக் காட்சி நம் கண்ணுக்குத் தெரியாது. மூன்றும் உண்மை, ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. இவற்றிலிருந்து "ஆகவே படம் பொய்" என்று தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன். அதற்கு அடியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நான்காவது செய்தி ஒன்று பதுங்கியிருக்கிறது: மனிதக் கண்ணுக்குத் தெரிவதே நிஜம். கண்ணால் காண்பதும் பொய் என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் மார்கழி இரவொன்றில் தொலைநோக்கி வைத்து ஊர்க்காரர்களுக்கு வானம் காட்டிக்கொண்டிருந்தோம். திருவாதிரை சிவந்து எழும்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை ஒட்டி, மங்கலாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. வரிசையில் வந்த பெரியவர் ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பவும் பார்த்தார்.

"சாம்பக் கலர்ல பொகையாட்டம் இருக்குது தம்பி. பேரன் செல்லுல காட்டுனது ரோஸும் ஊதாவுமா இருந்துச்சு. நாப்பது வருஷம் சாயப்பட்டறையில இருந்தவன் நான். அது சாயம் ஏத்துனதுதான?"

பின்னால் நீண்ட வரிசை. "இருங்கய்யா, முடிஞ்சதும் சொல்றேன்" என்றேன். அவருக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாம்பல் நிறம். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் நிறம் பார்க்கும், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். குச்சி செல்கள் மங்கிய ஒளியிலும் வேலை செய்யும், அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிலா வெளிச்சத்தில் செம்பருத்திப் பூ கறுத்துத் தெரிவது இதனால்தான். ஓரியன் நெபுலா அவ்வளவு மங்கல் என்பதால் தொலைநோக்கி வழியே பார்த்தாலும் அதைப் பார்ப்பவை பெரும்பாலும் குச்சி செல்களே. அந்த நெபுலாவில் உள்ள ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பொளியை வீசுகிறது. குச்சி செல்கள் அந்தச் சிவப்பைக் கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. அன்றிரவு சிவப்பு அங்கே இருந்தது, பெரியவரின் கண்ணுக்குள்ளும் வந்து விழுந்தது, உள்ளே அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. சாம்பல் என்பது நெபுலாவின் நிறமாக இருக்கவில்லை, நம் கண்ணின் எல்லையாக இருந்தது.

"பக்கத்தில் போய்ப் பார்த்தால்?" என்று கேட்பார்கள். விண்கலத்தில் ஏறி 1,300 ஒளியாண்டுகள் கடந்து அதன் வாசலில் நின்றாலும் அதே மங்கல்தான். ஒரு வெள்ளைச் சுவரை நெருங்க நெருங்க அது பெரிதாகும், ஆனால் வெண்மை கூடாது. நூறு அடி தள்ளி நின்றாலும் தொடும் தூரத்தில் நின்றாலும் சுவரின் பரப்பு ஒரே அளவு வெளிச்சமாகத்தான் தெரியும். பரந்து கிடக்கும் நெபுலாவும் அப்படியே. வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், பிரகாசம் மட்டும் கூடாது. கண்ணுக்குள் வரும் ஒளியை ஒரு நொடியின் சிறு துண்டுக்கு மேல் கண் சேர்த்துவைப்பதில்லை. தொலைநோக்கியின் கேமரா மணிக்கணக்கில் சேர்க்கிறது. நேரில் போய்ப் பார்ப்பதே இறுதிச் சாட்சி என்ற எண்ணம் நெபுலா விஷயத்தில் நிற்கவே நிற்காது.

பேரனின் செல்போனையே எடுத்துக்கொள்வோம். அதில் எடுத்த குடும்பப் படத்தை யாரும் பொய் என்பதில்லை. ஆனால் அந்த சென்சாருக்கும் நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வடிகட்டி இருக்கும். ஒரு புள்ளி ஒரு நிறத்தை மட்டும் அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பும். படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நிரப்பப்பட்டதுதான். அதன் பிறகு, வெளிச்சம் வெயிலா டியூப்லைட்டா என்று ஊகித்து வெண்மையையும் மாற்றும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் முறை இதைவிடக் கறாரானது. ஒரு வடிகட்டியை வைத்து முழுப்படம், அதை மாற்றி அடுத்த வடிகட்டியில் இன்னொரு முழுப்படம். எந்தப் புள்ளியிலும் எந்த நிறமும் ஊகத்தால் நிரப்பப்படுவதில்லை. கறுப்பு வெள்ளையில் பதிவு செய்வது ஏமாற்று வேலை என்றால், உலகத்தில் உள்ள டிஜிட்டல் கேமரா அத்தனையும் ஏமாற்று வேலைதான்.

ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவாகும்போது தொலைக்காட்சியில் ஒரு படம் காட்டுவார்கள். நள்ளிரவிலும் காட்டுவார்கள். இன்சாட் செயற்கைக்கோளில் ஒரு மனிதன் உட்கார்ந்து பார்த்தால் அந்த நேரத்தில் கடல்மேல் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. மேகங்கள் வீசும் அகச்சிவப்புக் கதிரை, ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அதற்கேற்ப நிறம் கொடுத்த படம் அது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அந்தப் படத்தை நம்பிப் படகுகள் கரையேறுகின்றன, ஜனங்கள் முகாமுக்குப் போகிறார்கள். கலர் அடித்த படம் என்று யாரும் கடலுக்குப் போய்விடுவதில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எலும்பு முறிவைக் காட்டும் டாக்டரிடம், என் கையைப் பார்த்தால் எலும்பு தெரியவில்லையே என்று வாதாடுவதும் இல்லை. உயிரும் உடம்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் நமக்கு இந்த விஷயம் நன்றாகப் புரிகிறது. வானம் என்று வந்தால் மட்டும் மறந்துபோகிறது.

இனி அந்தப் பெரியவரின் தொழிலுக்கே வருகிறேன். ஜவுளிக் கடையில் புடவை எடுக்கும் பெண்கள் முடிவெடுக்கும் முன் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கடை விளக்கில் ஒரே அரக்காகத் தெரிந்த ரவிக்கைத் துணியும் புடவையும் வெயிலில் இரண்டு நிறமாகப் பிரிந்துவிடும். காரணம், கண் நிறத்தை அளப்பதில்லை, சுருக்குகிறது. எத்தனையோ அலைநீளங்கள் கலந்து வரும் ஒளியை மூன்று வகைக் கூம்பு செல்கள் மூன்று எண்களாகக் குறுக்கி மூளைக்கு அனுப்புகின்றன. வேறு வேறு கலவைகள் அதே மூன்று எண்களைத் தந்துவிட்டால், கண்ணுக்கு அவை ஒரே நிறம். சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை அத்துப்படி.

கழுகு நெபுலாவின் 'படைப்பின் தூண்கள்' படத்தைப் பார்க்காதவர் குறைவு. 1995-இல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவெனும் ஹப்பிளைக் கொண்டு எடுத்தது. கலர் அடித்தது என்ற குற்றச்சாட்டு அதிகம் விழுந்ததும் அதன்மேல்தான். அதில் மூன்று வடிகட்டிகள் பயன்பட்டன. ஒன்று, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் வீசும் ஒளிக்கு, சுமார் 501 நானோமீட்டர். இன்னொன்று ஹைட்ரஜனின் 656. மூன்றாவது, ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகத்துக்கு, சுமார் 673. பின்னிரண்டும் கண்ணுக்கு ஒரே சிவப்பு. உள்ளபடியே விட்டிருந்தால் ஹைட்ரஜனும் கந்தகமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, எது எங்கே என்று சொல்ல முடியாத ஒரு சிவப்பு மொத்தையாக நின்றிருக்கும். ஆக்சிஜனுக்கு நீலம், ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு என்று பிரித்துக் கொடுத்தார்கள். உடனே அந்தப் படம் பேசத் தொடங்கியது. ஆக்சிஜனிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்க மிகுந்த ஆற்றல் தேவை, ஆகவே நீலம் படர்ந்த இடத்தில் இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் கடுமையாகத் தாக்குகிறது. கந்தகத்திடமிருந்து ஒன்றைப் பிடுங்கக் குறைந்த ஆற்றல் போதும், ஆகவே தூண்களின் ஓரத்தில் அந்தக் கதிர் எங்கே தளர்கிறது என்பதைச் சிவப்பு காட்டுகிறது. கண்ணுக்குப் பிடித்த அழகு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிமத்தின் இருப்பிடம். உள்ளபடியான சிவப்பில் மறைந்திருந்த வேறுபாடு, மாற்றிய நிறத்தில்தான் வெளிப்பட்டது.

எந்த அலைக்கு எந்த நிறம் என்பதை இஷ்டத்துக்கு முடிவு செய்கிறார்களா? 501-க்கு நீலம், 656-க்குப் பச்சை, 673-க்குச் சிவப்பு. குறுகிய அலை நீலத்தின் பக்கம், நீண்ட அலை சிவப்பின் பக்கம். வெப் தொலைநோக்கியின் படங்களிலும் பொதுவாக இதே வரிசைதான். கச்சேரி கேட்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு கட்டையில் பாடும் வித்வானும் ஐந்து கட்டையில் பாடும் விதுஷியும் கல்யாணியைப் பாடினால் இரண்டும் கல்யாணிதான். சுருதி மாறியதால் ராகம் பொய்யாகிவிடுவதில்லை. வானியலாளர் செய்வதும் சுருதி மாற்றும் வேலை. நம் காதுக்கு எட்டாத ஸ்தாயியில் ஒலித்ததை எட்டும் ஸ்தாயிக்கு மாற்றித் தருகிறார். ஸ்வரங்களுக்கு இடையேயுள்ள தூரம் படத்தில் அப்படியே காப்பாற்றப்படுவதில்லை என்பது உண்மை. வரிசை காப்பாற்றப்படுகிறது.

இந்த ஸ்தாயிக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளி 380 நானோமீட்டரில் தொடங்கி 750 நானோமீட்டர் வரை, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒரே ஒரு ஸ்தாயி. மின்காந்த அலைகளில் வானியலாளர்கள் இன்று பயன்படுத்துவது, பல மீட்டர் நீள ரேடியோ அலையிலிருந்து நுண்ணலை, அகச்சிவப்பு, புற ஊதா, எக்ஸ் கதிர் என்று ஏறி, அணுக்கருவைவிடச் சிறிய அலைநீளமுள்ள காமா கதிர் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்தாயிகள். நடுவில் ஒரு ஸ்தாயியை மட்டும் கேட்டுவிட்டு, மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது என்று சொல்வதை ஏற்க முடியுமா?

நம் பால்வெளியின் மையத்தையே பாருங்கள். சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவு, வழியெல்லாம் தூசு. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்து சேர்கிறது. ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து சேர்கிறது. தூசித் துகள்களைவிட அந்த அலை நீளமானது, அதனால் அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த அலைநீளத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்துத்தான் ரைன்ஹார்ட் கென்செல் குழுவும் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் மையத்தைச் சுற்றும் விண்மீன்களின் பாதையை வரைந்தன. ஒரு விண்மீன் 16 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. அந்தப் பாதையைக் கணக்கிட்டால், நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் நிறை 40 லட்சம் சூரியன்கள். 2020-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணால் கண்டதே நிஜம் என்று அவர்கள் நின்றிருந்தால், நம் பால்வெளியின் நடுவில் ஒரு தூசிப்படலம் மட்டும்தான் நமக்குச் சொந்தமாக இருந்திருக்கும்.

உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி வேலை செய்கிறது. கோவிந்த் ஸ்வரூப் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த ஊரின் அட்சரேகை 11 பாகை என்பதால், 11 பாகை சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்துத் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அமைத்தார்கள். மலைச்சரிவையே கருவியின் பாகமாக்கிய அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். அதன் 'கண்ணாடி' என்பது இடைவெளி விட்டு இழுத்துக் கட்டிய ஆயிரத்துச் சொச்சம் எஃகுக் கம்பிகள். அடியில் நின்றால் கம்பிகளுக்கு ஊடே வானமும் மேகமும் தெரியும். நம் கண்ணுக்கு அது வேலி. ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைக்கு அது ஓட்டையே இல்லாத கண்ணாடி. வெகுதொலைவில் உள்ள ரேடியோ மூலங்கள் எவ்வளவு சிறியவை என்று நிலவு அவற்றை மறைக்கும் நேரத்தில் அங்கே அளந்தார்கள். பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்ற கோட்பாட்டோடு அந்த அளவுகள் பொருந்தவில்லை. 92 சென்டிமீட்டர் அலைக்கு 'உண்மையான நிறம்' எது? கேள்விக்கே இடமில்லை. நிறமில்லை என்பதால் அந்த அளவு பொய்யாகிவிடுமா?

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 2024-இல் வெப் தொலைநோக்கி கண்டறிந்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளி, பிரபஞ்சம் விரிவதால் சுமார் 15 மடங்கு நீண்டு நம்மை வந்தடைகிறது. அதை அடையாளம் காட்டிய ஒளி அங்கிருந்து கிளம்பியபோது புற ஊதா. 121.6 நானோமீட்டரில் கிளம்பியது இங்கே வந்து சேரும்போது 1.8 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல், அகச்சிவப்பு. கிளம்பிய இடத்தில் ஒரு மனிதன் இருந்திருந்தாலும் அந்த ஒளி அவனுக்குத் தெரிந்திருக்காது. வந்து சேர்ந்த இடத்தில் இருக்கும் நமக்கும் தெரியாது. இதை 'உள்ளபடியான நிறத்தில்' காட்டு என்று கேட்பவர் எந்த நிறத்தைக் கேட்கிறார்? கறுப்புக் காகிதத்தைத்தான் நீட்ட முடியும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெப்டியூன் கதை அவர்களுக்குச் சாதகமானது, மறைக்க மாட்டேன். 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய தரவிலிருந்து நெப்டியூனை அடர்நீலமாகக் காட்டினார்கள். மேகங்கள் துலக்கமாகத் தெரிய வேண்டும் என்று நிற வேறுபாட்டைக் கூட்டிய படம் அது. அப்போதே அந்தக் குறிப்பும் இருந்தது. போகப் போகக் குறிப்பு உதிர்ந்துவிட்டது, நீலம் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. 2024 தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பாட்ரிக் இர்வினும் உடன் பணியாற்றியவர்களும் யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் வெளிறிய பச்சை கலந்த நீலமே, நெப்டியூன் இம்மியளவு கூடுதல் நீலம், அவ்வளவுதான் என்று காட்டினார்கள். முப்பது ஆண்டுக்கு மேலாக உலகமே தவறான நிறத்தை நெஞ்சில் சுமந்திருக்கிறது. இது குறைதான். ஆனால் அந்தக் குறையைத் திருத்தியது எது? யாரும் நெப்டியூனுக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வரவில்லை. ஹப்பிளும் சிலியில் உள்ள மாபெரும் தொலைநோக்கியும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்த தரவுதான் திருத்தியது. படத்தில் நேர்ந்த பிழையை இன்னும் கூர்மையான அளவீடு சரிசெய்தது, கண் சரிசெய்யவில்லை.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படமும் அப்படியே. எம் 87 மண்டலத்தின் நடுவில், ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில், ஆரஞ்சு நிற வளையம். அந்த ஆரஞ்சுக்கு எந்த அலைநீளத்தோடும் உறவு கிடையாது. 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை எங்கே வலுவாக வருகிறது, எங்கே தளர்கிறது என்ற ஒரே ஒரு செய்தியை ஆரஞ்சின் ஏற்ற இறக்கமாகக் காட்டியிருக்கிறார்கள். பச்சையில் காட்டியிருந்தாலும் செய்தி மாறாது. வளையம் நிஜமா என்பதுதான் அங்கே கேள்வி. நான்கு குழுக்களைப் பிரித்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் படத்தை உருவாக்கச் சொன்னார்கள். நான்கிலும் வளையம் வந்தது.

இதில் விஞ்ஞானிகள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. இந்த முறைக்கு 'ஃபால்ஸ் கலர்' என்று பெயர் வைத்துத் தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள். நம் ஆட்கள் அதைப் 'பொய் நிறம்' என்று மொழிபெயர்த்து மேலும் ஒரு கூடை மண் போட்டார்கள். குறிநிறம் என்று சொல்லலாமே. வரைபடத்தில் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் குறிகளாக நிற்பதுபோல இதுவும் ஒரு குறி. நம் பத்திரிகைகள் இந்தப் படங்களை அச்சிடும்போது எந்தத் தொலைநோக்கி, எந்த அலைநீளம், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரிகூடப் போடுவதில்லை. ஜோசியப் பக்கத்துக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசி போதும். பொய் என்று கூவுபவர்கள் அந்தக் கூச்சலை விட்டு, "குறிப்பு எங்கே?" என்று கேட்கத் தொடங்கினால் நானும் அவர்களோடு சேர்ந்து கேட்பேன். மூலத் தரவு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஹப்பிளும் வெப்பும் எடுத்த கறுப்பு வெள்ளைப் பதிவுகள், ஆய்வாளர்களுக்கான காலக்கெடு முடிந்ததும், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கின்றன. வீட்டுக் கணினியில் வேறு நிறங்களில் கோத்துப் பார்க்கலாம். பலர் பார்க்கிறார்கள். பொய் சொல்கிறவன் கணக்கு நோட்டைத் தெருவில் பிரித்து வைப்பானா?

படம் பொய் என்பவரையும், ஆகா என்று பகிர்ந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவரையும் நான் ஒரே இடத்தில்தான் வைக்கிறேன். இருவருமே அதை ஓவியமாகப் பார்க்கிறார்கள், அளவீடாகப் பார்க்கவில்லை. வானியலின் பெரும்பகுதி அறிவு யாரும் பகிராத, பார்க்க அழகே இல்லாத ஒரு பொருளிலிருந்து வந்தது. அது நிறமாலை. ஒளியைப் பிரித்து, அலைநீளவாரியாக எவ்வளவு வருகிறது என்று வரைந்த மேடுபள்ளக் கோடு.

1835-இல் ஒகுஸ்த் கோம்த் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் எக்காலத்திலும் அறிய முடியாது என்று எழுதினார். அங்கே போக முடியாது, தொட முடியாது, அதனால் அறிய முடியாது என்ற நினைப்பு. இன்றைய 'கலர் அடிச்சது' வாதத்துக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் உண்டு. கோம்த் எழுதி 33 ஆண்டுகள் கழித்து, 1868 ஆகஸ்ட் 18 அன்று, முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவின் குறுக்கே போனது. பிரான்சிலிருந்து வந்த ஜூல் ஜான்சென் குண்டூரில் நிறமாலைமானியோடு காத்திருந்தார். சென்னை வான்நோக்ககத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளின் ஒளியைப் பிரித்தால் ஒரு மஞ்சள் கோடு. மஞ்சள் என்றால் சோடியம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ளவை. இந்தக் கோடு 587.6-இல் இருந்தது. அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலேயே அதைப் பார்த்து, இது பூமியில் அறியப்படாத தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்றார்கள். 1895-இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார். ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர் வித்தியாசம். வெறும் கண்ணுக்கும், சாயப்பட்டறை மேஸ்திரிக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மஞ்சள். அந்த இடுக்கில் ஒரு தனிமம் ஒளிந்திருந்தது.

1925-இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், மேகநாத் சாஹாவின் சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு விண்மீன்களின் நிறமாலைக் கோடுகளைக் கணக்கிட்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டார். அக்கால வானியலின் பெரிய மனிதர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதை நம்பவில்லை. அந்த முடிவு பெரும்பாலும் நிஜமாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே பெய்ன் எழுத வேண்டியதாயிற்று. நான்கே ஆண்டுகளில் ரஸ்ஸலும் வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தார். சூரியனை எத்தனை கோடிப் பேர் எத்தனை ஆயிரம் ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்! அது எதனால் ஆனது என்று ஒரு கண்ணும் சொல்லவில்லை.

அன்றிரவு கூட்டம் கலைந்த பிறகும் பெரியவர் காத்திருந்தார். என் பையில் பழைய சிடி ஒன்று கிடந்தது. அதை எடுத்து, பள்ளி வராந்தாவில் எரிந்துகொண்டிருந்த பழைய டியூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். சிடியின் மேல் வெளிச்சம் விரிந்தது. அவர் அதை முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சை தனியா நிக்குது. ஊதா தனியா நிக்குது. நடுவுல மங்கிக் கெடக்குதே தம்பி."

"அந்தப் பச்சையும் ஊதாவும் விளக்குக்குள்ள இருக்கற பாதரச ஆவியோடதுங்கய்யா. மங்கிக் கெடக்கற நெறம் இந்த வெளிச்சத்துல கொறைவு."

பக்கத்து அறையில் எரிந்த குண்டு பல்புக்குக் கூட்டிப்போனேன். அதில் நிறங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்தன. திரும்ப டியூப்லைட்டுக்கு வந்தார். திரும்பவும் பல்புக்குப் போனார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"பட்டறையில ராத்திரி ஷிப்டுக்கு இந்த லைட்டுலதான் ஷேடு பாத்தோம்" என்றார். "காலைல வெயில்ல பிரிச்சா மாறி நிக்கும். மேஸ்திரி என்னையத்தான் திட்டுவாரு."

சிடியை வேட்டி மடிப்பில் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தெருமுனையில் எரிந்த மஞ்சள் விளக்கைக் காட்டி, அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்துட்டுப் போறேன் என்று கிளம்பினார்.